ஸ்பானிஷ்ல கன்னியாஸ்திரிகளைக் குறிக்கிற சொற்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் படிக்கிறவங்க, சப்டைட்டில் போடறவங்க, ஸ்பெயின் பெரு பக்கம் டூர் போறவங்க, மூணு கூட்டத்துக்கும் இந்த ஏரியால ஒரே மாதிரி குழப்பம்தான் வருது. டிக்ஷனரில எல்லாத்துக்கும் "கன்னியாஸ்திரி"னு ஒரே அர்த்தம் போட்டு விட்டுடறாங்க, பொழப்புக்கு அது போதாது. உச்சரிப்பு கிட்டத்தட்ட தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், ஹ வர்ற இடத்துல ஸ்பெயின்காரங்க தொண்டையிலேர்ந்து கொஞ்சம் கரகரனு சொல்லுவாங்க, லத்தீன் அமெரிக்கால மெதுவா வரும்.

மோன்ஹா, எர்மானா, சோர், மாத்ரே, ரெலிஹியோசா. இதுல எது சரி?

அஞ்சுமே சரிதான், ஆனா ஒண்ணு நிக்கிற இடத்துல இன்னொண்ணு நிக்காது. மோன்ஹா அவங்களைப் பத்தி மத்தவங்ககிட்ட பேசறதுக்கு. எர்மானாவும் (சகோதரி) மாத்ரேவும் (அம்மா) பத்திப் பேசவும் ஆகும், நேர்ல கூப்பிடவும் ஆகும். சோர் பெரும்பாலும் பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வரும். ரெலிஹியோசா ஆபீஸ் பாஷை, சபையோட கடிதம், அரசாங்க ஃபார்ம், பேப்பர் செய்தி, இங்கெல்லாம் பார்க்கலாம். பேரா இருக்கிறப்ப தான் அது துறவி, பெயரடையா வந்தா வெறும் "பக்தியுள்ள பொண்ணு"னும் ஆயிடும், "எஸ் முய் ரெலிஹியோசா"னு ஒருத்தர் தன் மாமியாரைச் சொன்னா மாமியார் மடத்துல சேர்ந்துட்டாங்கனு எழுதி வச்சுடாதீங்க.

நேர்ல பார்த்து "மோன்ஹா"னு கூப்பிடலாமா?

வேண்டாம். அது கெட்ட வார்த்தை இல்ல, ஆனா "ஏ கன்னியாஸ்திரி"னு நம்ம ஊர்ல யாரும் கூப்பிடறதில்லையே, சிஸ்டர்னு தானே சொல்றோம், அதே கதைதான். எர்மானானு சொல்லுங்க, எங்கேயும் தப்பாகாது. கூட உஸ்தேத், அதாவது மரியாதை "நீங்க". இப்ப இருக்கிற இளவயசு சிஸ்டர்கள் சிலர் அவங்களே "தூ போதும்"னு, அதாவது "நீ"னே கூப்பிடுங்கனு சொல்லிடுவாங்க, சொன்னப்புறம் மாத்திக்கலாம்.

மெக்ஸிகோல கொஞ்சம் வேற. அங்க மாத்ரேதான் சகஜம், அன்பா மாத்ரெசீதா. வயசுல சின்ன சிஸ்டரா இருந்தாலும் மாத்ரேதான். ஸ்பெயின்ல மாத்ரேன்னா ஒரு பொறுப்புல இருக்கிறவங்கனு ஒரு வாசனை இருக்கும், அல்லது பழைய சபைகள்ல மரபா வரும்.

"லா சோர் ஹுவானா"னு எழுதினேன், டீச்சர் சிவப்பு மையில அடிச்சுட்டாங்க. ஏன்?

அடிச்சது நியாயம்தான். லாங்கிறது இங்கிலீஷ்ல the மாதிரி, பெண்பால் சொல்லுக்கு முன்னாடி வர்றது, ஆண்பாலுக்கு எல். சோர் வந்தா லா வராது. "சோர் ஹுவானா வந்தாங்க", அவ்வளவுதான். ஆனா எர்மானா, மாத்ரே ரெண்டுக்கும், ஒருத்தரைப் பத்திப் பேசும்போது லா வேணும்: "லா எர்மானா ஹுவானா வந்தாங்க", "லா மாத்ரே தெரேசா சொன்னாங்க". அவங்களையே நேர்ல கூப்பிடும்போது லா விழுந்துடும்: "எர்மானா ஹுவானா, கொஞ்சம் வாங்க". தோன், தோன்யா (ஆண், பெண் பேருக்கு முன்னாடி வர்ற மரியாதைப் பட்டம்), ஃப்ராய் (ஆண் துறவி பேருக்கு முன்னாடி வர்றது) இதெல்லாம் சோர் கட்சி, லா எல் எதுவும் ஒட்டாது. சென்யோரா (திருமதி) மட்டும் எர்மானா கட்சி. சப்டைட்டில் வேலை செய்யறவங்களுக்கு இது ரொம்ப உபயோகம், ஏன்னா லா இருக்கா இல்லையானு பார்த்தாலே அந்த ஆள் ரூம்ல நிக்கிறாங்களா இல்ல வேற யாரோ அவங்களைப் பத்திப் பேசறாங்களானு தெரிஞ்சுடும்.

சோருக்கு பன்மை சோரெஸ். புத்தகத்துல இருக்கு, காதுல அதிகம் விழாது, மக்கள் லாஸ் மோன்ஹாஸ், லாஸ் எர்மானாஸ்னு போயிடுவாங்க.

எர்மானான்னா கூடப் பொறந்தவளும் தானே? குழப்பம் வராதா?

வரும், ஆனா பெரும்பாலும் சூழ்நிலை காப்பாத்திடும். "மி எர்மானா"ன்னா என் அக்காவோ தங்கச்சியோ, "லா எர்மானா"ன்னு ஸ்கூல்லயோ ஆஸ்பத்திரிலயோ கேட்டா சிஸ்டர். உண்மையான பொறி வேற ரெண்டு இடத்துல இருக்கு.

ஒண்ணு, குவாத்தமாலா மாதிரி நாடுகள்ல எவஞ்செலிகல் சபைகள் ரொம்ப ஜாஸ்தி, அங்க சர்ச்சுக்கு வர்ற ஒவ்வொரு பொம்பளையும் எர்மானாதான், ஆம்பளை எர்மானோ. கதைல ஒரு எர்மானா புருஷன் பிள்ளைகளோட வந்து நிக்கிறாங்கன்னா அவங்க கன்னியாஸ்திரி கிடையாது, பெந்தெகொஸ்தே சபை அக்கா.

ரெண்டாவது ஸ்பெயின்ல செவில்யா பக்கம். அங்க புனித வாரத்துல சுரூபம் தூக்கிட்டுப் போற பக்த சபைகளுக்கு எர்மந்தாத்னு பேரு, அதுல மெம்பரா இருக்கிற பொண்ணும் எர்மானா. அந்தச் சபைக்குத் தலைவியா ஒரு பொண்ணு வந்தா அவங்க எர்மானா மயோர். இதை "மூத்த அக்கா"னு போட்டாலும் தப்பு, "தலைமைக் கன்னியாஸ்திரி"னு போட்டாலும் தப்பு.

சட்டப்படி மோன்ஹா வேற, எர்மானா வேறனு சொல்றாங்களே?

ஆமா, திருச்சபைச் சட்டத்துல மோன்ஹான்னா அடைபட்ட மடத்துல ஜெப வாழ்க்கை வாழறவங்க மட்டும்தான். க்ளாரா சபை, கார்மேல், பெனடிக்ட் சபை இப்படி. ஸ்கூல், ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்னு வெளில வேலை செய்யற சபைக்காரங்க எர்மானாஸ். தெருவுல யாரும் இதைப் பார்க்கறதில்ல, ஸ்பெயின்ல "கொலேஹியோ தே மோன்ஹாஸ்"னு சொல்ற ஸ்கூல் பெரும்பாலும் இந்த ரெண்டாவது வகை ஆளுங்க நடத்தறதுதான்.

இதுல விசித்திரமான கேஸ் ஹீஹாஸ் தே லா கரிதாத், வின்சென்ட் தே பவுல் ஆரம்பிச்ச பிறரன்பின் புதல்வியர். 1964 வரைக்கும் தலைல பெரிய வெள்ளைச் சிறகு மாதிரி கஞ்சி போட்ட துணி வச்சிருந்தாங்களே, அவங்கதான். இவங்க வார்த்தைப்பாடு, அதாவது துறவு சத்தியம், ஒரு வருஷத்துக்குத்தான், ஒவ்வொரு வருஷமும் புதுப்பிப்பாங்க. சட்டப்படி இவங்க மோன்ஹா இல்லவே இல்ல. ஆனா ஸ்பெயின்ல சோர்னா முதல்ல ஞாபகம் வர்றது இவங்கதான், அங்க ஆஸ்பத்திரி வார்டுலயும் ஸ்கூல்லயும் பேரைக்கூட விட்டுட்டு வெறும் "சோர்"னே கூப்பிட்டுப் பழகினவங்க நிறைய. இவங்க வீட்டுத் தலைவிக்கு சுபெரியோரானு பேர் கிடையாது, எர்மானா சிர்வியெந்தே, வேலைக்காரச் சகோதரி. தெரியாம மொழிபெயர்த்தா மடத்துத் தலைவியை சமையக்கட்டுக்கு அனுப்பிடுவீங்க.

மடத்துத் தலைவிக்கு எத்தனை பேருதான் இருக்கு?

சபையைப் பொறுத்து. பெனடிக்ட், சிஸ்டர்சியன், க்ளாரா மடங்கள்ல அபதேசா. கார்மேல், டொமினிக் மடங்கள்ல ப்ரியோரா. ஸ்கூல் ஆஸ்பத்திரி நடத்தற சபைகள்ல சுபெரியோரா, அவங்களுக்கு மேல ப்ரொவின்சியால், அதுக்கும் மேல ஹெனெரால். சினிமால எல்லா மடத்துலயும் மாத்ரே சுபெரியோரானே போட்டுடுவாங்க, கார்மேல் மடத்துக் கதைல அப்படி வந்தா எழுதினவர் ஹோம்வொர்க் பண்ணலனு வச்சுக்கோங்க.

அபதேசான்னதும் சாது அம்மாவா நினைக்காதீங்க. புர்கோஸ் ஊர்ல லாஸ் உவெல்காஸ்னு ஒரு மடம், 1187ல காஸ்டில் ராஜா எட்டாம் அல்ஃபோன்சோவும் ராணி லெயொனோரும் கட்டினது. அந்த மடத்து அபதேசாவுக்குக் கீழ ஊர்கள், நிலங்கள், கோர்ட்டு, எல்லாம் இருந்துச்சு, பிஷப் யாருக்கும் கட்டுப்பட வேண்டாம், தன் ஏரியால சாமியார் பூசை வைக்கவே அவங்க லைசென்ஸ் குடுக்கணும். இந்த அதிகாரத்தை ஒன்பதாம் பயஸ் பாப்பரசர் எடுத்தது 1873ல. கிட்டத்தட்ட ஏழு நூற்றாண்டு ஓட்டியிருக்காங்க.

சேர்றதுலேர்ந்து கடைசி வரைக்கும் படிப்படியா என்ன பேர்?

முதல்ல அஸ்பிராந்தே, அப்புறம் போஸ்துலாந்தே, அப்புறம் நொவீசியா, அதாவது நம்ம ஊர்ல நாவிஸ், நவதுறவி. சட்டப்படி குறைஞ்சது ஒரு வருஷம். அப்புறம் தற்காலிக வார்த்தைப்பாடு எடுத்தா ஹுனியோரா, கடைசில நித்திய வார்த்தைப்பாடு எடுத்தா ப்ரொஃபேசா. அடைபட்ட மடங்கள்ல 2018ல வந்த விதிப்படி மொத்தப் பயிற்சியே 9லேர்ந்து 12 வருஷம்.

வினைச்சொல்தான் ருசி. உடுப்பு வாங்கறது "தொமார் எல் ஆபிதோ", வார்த்தைப்பாடு குடுக்கறது "ப்ரொஃபெசார்". வீட்ல பேசறப்ப இதெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க, "சே மெதியோ மோன்ஹா", மடத்துல போய்ச் சேர்ந்துட்டா, அவ்வளவுதான், அந்த மெதியோல ஒரு சின்ன "ப்ச்"சும் இருக்கும். விட்டுட்டு வெளில வந்தா "கொல்கார் லோஸ் ஆபிதோஸ்", உடுப்பைக் கொண்டு போய் மாட்டிட்டாங்க. இதை இப்ப படிப்பை விட்டவன், கட்சிய விட்டவன் எல்லாருக்கும் சொல்றாங்க.

நொவீசியாவுக்கும் மோன்ஹாவுக்கும் இருக்கிற வித்தியாசம் ஒரு ஆளோட கதைல நல்லாத் தெரியும். கத்தலீனா தே எராவுசோ, சான் செபஸ்தியான் ஊர்ல டொமினிக் மடத்துல வளர்ந்த பொண்ணு. வார்த்தைப்பாடு எடுக்கறதுக்கு முன்னாடியே சாவியை எடுத்துக் கதவைத் திறந்து ஓடி, முடிய வெட்டி ஆம்பளை டிரெஸ் போட்டு, கப்பல் ஏறி, பெருவுலயும் சிலியிலயும் சிப்பாயா சண்டை போட்டு அல்ஃபேரெஸ், அதாவது கொடி பிடிக்கிற அதிகாரி பதவி வரைக்கும் வந்தவங்க. நாலாம் ஃபெலீபே ராஜா பென்ஷன் கூடக் குடுத்தார். உலகமே அவங்களை லா மோன்ஹா அல்ஃபேரெஸ்னு சொல்லுது, ஆனா கணக்குப்படி அவங்க ஒரு நாள் கூட மோன்ஹா இல்ல, ஓடிப்போன நொவீசியா.

கறுப்பு முக்காடு, வெள்ளை முக்காடுனு படிச்சேன். ஜாதி மாதிரியா?

பணம் மாதிரி. பழைய மடங்கள்ல சேரணும்னா தோத்தே, வரதட்சணை கட்டணும். முழு தோத்தே கட்டினவங்க மோன்ஹா தே வேலோ நேக்ரோ, கறுப்பு முக்காடு, இவங்கதான் கோயில்ல உக்காந்து லத்தீன்ல சங்கீதம் பாடுவாங்க, ஓட்டும் இவங்களுக்குத்தான். கொஞ்சமா கட்டினவங்களோ கட்ட முடியாதவங்களோ வேலோ ப்ளாங்கோ, வெள்ளை முக்காடு, சமையல், துவைக்கிறது, தோட்டம். இவங்களை லேகானும் சொல்லுவாங்க. பல மடங்கள்ல மேல இருக்கிறவங்க மாத்ரே, கீழ இருக்கிறவங்க எர்மானா. அதனால பழைய நாவல்ல ஒருத்தர் இன்னொருத்தரை மாத்ரேன்னும் அவங்க திரும்ப எர்மானான்னும் சொன்னா அதுல வயசோ பாசமோ தேடாதீங்க. ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் இந்தப் பிரிவினைய எடுத்துட்டாங்க. நாவிஸ் எல்லாரும் வெள்ளை முக்காடுதான் போடுவாங்க, அது வேற, அதோட இதைப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

பணம் எவ்வளவு தூரம் பேசிச்சுனு பார்க்கணும்னா பெருவுல அரெகீப்பா ஊருக்குப் போங்க. சாந்தா கத்தலீனா மடம், 1579ல ஆரம்பிச்சது, சுமார் 20,000 சதுர மீட்டர், ஊருக்குள்ள ஒரு ஊர். உள்ள தெருவுக்கெல்லாம் செவில்யா, கோர்தோபா, தொலேதோனு ஸ்பெயின் ஊர்ப் பேரு, சுவரு சிவப்பும் நீலமும். செல்தான்னா வழக்கமா ஒரு கட்டில் போடற சின்ன அறை, ஆனா இங்க அது தனி வீடு. சொந்தக் கரி அடுப்பு, சொந்த சமையக்கட்டு, பணிக்குப் பொண்ணுங்க. 1871ல ஹோசேஃபா கதேனானு ஒரு மாத்ரே வந்து எல்லாத்தையும் நிறுத்தி, ஒரே பந்தில சாப்பாடு, ஒரே ஹால்ல தூக்கம்னு மாத்தினாங்க. 1970ல பொதுமக்களுக்குத் திறந்துட்டாங்க, ஒரு ஓரத்துல இன்னமும் மோன்ஹாஸ் இருக்காங்க. போனீங்கன்னா அந்தச் சமையக்கட்டுச் சுவத்துல இருக்கிற கரிப் புகையைப் பாருங்க, கைடு சொல்றதை விட அது நிறையச் சொல்லும்.

செல்தாவுக்கு ஜெயில் அறைனும் அர்த்தம் உண்டு, தேன்கூட்டு அறைனும் உண்டு.

"தே ஹெசூஸ்", "தே லா க்ரூஸ்" எல்லாம் இனிஷியலா, குடும்பப் பேரா?

ரெண்டும் இல்ல, துறவுப் பேரு. குடும்பப் பேரை வாசல்ல விட்டுட்டு இயேசு, சிலுவை, பரிசுத்த ஆவி, ஏதாவது ஒரு புனிதர்னு சேர்த்துக்குவாங்க. தெரேசா தே செபேதா இ அஉமாதாங்கிற பணக்கார வீட்டுப் பொண்ணுதான் தெரேசா தே ஹெசூஸ், நம்ம ஊர்ல அவிலா புனித தெரேசம்மாள். அவங்க முதல்ல இருந்த என்கர்னசியோன் மடத்துல பெரிய வீட்டுப் பொண்ணுங்க உள்ள வந்தும் தோன்யா பட்டத்தோடதான் இருந்தாங்க. 1562ல சான் ஹொசேனு தனியா சின்ன மடம் ஆரம்பிச்சப்ப தெரேசா அந்தத் தோன்யாவை ஒழிச்சாங்க, எல்லாரும் எர்மானாஸ், 13 பேருக்கு மேல வேண்டாம்னு முதல்ல வச்சாங்க. இவங்க வழி வந்தவங்கதான் தெஸ்கால்சாஸ், செருப்பில்லாதவங்க. நிஜத்துல வெறுங்கால் கிடையாது, கயிறு முறுக்கித் தைச்ச அல்பர்காத்தா போடுவாங்க. பழைய பக்கம் இருந்தவங்க கல்சாதாஸ், ஷூ போட்டவங்க.

அவிலா ஊர்ல போய் தெரேசா எல்லாம் சொல்ல வேண்டாம், "லா சாந்தா"ன்னா போதும். "மாத்ரே தெரேசா"ன்னு மட்டும் சொன்னா இன்னைக்கு எல்லாரும் கல்கத்தா அம்மாவைத்தான் நினைப்பாங்க.

சோர் ஹுவானா ஏன் இவ்வளவு ஃபேமஸ்?

மெக்ஸிகோல சோர்னா அவங்கதான், 100 பெசோ நோட்டுல முகம் இருக்கு. சோர் ஹுவானா இனேஸ் தே லா க்ரூஸ், 17ம் நூற்றாண்டுக் கவிஞர். 1667ல கார்மேல் மடத்துல சேர்ந்து கொஞ்ச மாசத்துல வெளில வந்து, 1669ல ஜெரோம் சபை மடத்துல வார்த்தைப்பாடு எடுத்தவங்க. மடத்துக் கணக்குவழக்கையும் அவங்கதான் பார்த்தாங்க, அந்தப் பொறுப்புக்கு கொந்ததோரானு பேரு. 1695ல மடத்துல தொத்துநோய் வந்தப்ப மத்தவங்களைப் பார்த்துக்கிட்டு இருந்து அதுலயே இறந்துட்டாங்க.

நம்ம சப்ஜெக்டுக்கு அவங்க முக்கியமானதுக்குக் காரணம் ஒரு கடிதம். 1690ல புவெப்லா பிஷப் அவங்களுக்கு "இவ்வளவு உலகப் படிப்பு எதுக்கு, வேதத்தைப் படிக்கக் கூடாதா"ங்கிற தோரணைல ஒரு லெட்டர் அச்சடிச்சு அனுப்பினார், தன் பேர்ல இல்ல, சோர் ஃபிலோதேயா தே லா க்ரூஸ்னு ஒரு கன்னியாஸ்திரி பேர்ல. எழுதினது யாருனு ஹுவானாவுக்குத் தெரியும். 1691ல பதில் எழுதறாங்க, பிஷப்னு ஒரு இடத்துல கூடக் காட்டிக்கல, முழுக்க "அம்மணி, என் அம்மணி"தான். பெண்கள் படிக்கிற உரிமைக்கு நீளமா வாதாடிட்டுக் கடைசில ஒரு மன்னிப்பு வருது பாருங்க, உங்களை முக்காடு போட்ட ஒரு துறவியா, என் எர்மானாவா நினைச்சு வீட்டு மனுஷி மாதிரிப் பேசிட்டேன், உங்க பெரிய அந்தஸ்து மறந்து போச்சு, முக்காடு இல்லாம உங்களைப் பார்த்திருந்தா இப்படி நடந்திருக்காதுனு. பிஷப் தானா போட்டுக்கிட்ட பொம்பளை வேஷத்தை வச்சே அவரைச் சமமா நிக்க வச்சுட்டாங்க. எர்மானாங்கிற சொல்லுக்கு இவ்வளவு வேலை வாங்கின ஆளை நான் வேற எங்கயும் படிச்சதில்ல.

பெயாத்தான்னா அருளாளரா, வேஷக்காரியா?

மூணு அர்த்தம். வத்திக்கான் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தின படி, குடுத்த பெண் பெயாத்தா. எந்நேரமும் கோயில்லயே கிடந்து ஊர் வம்பு பேசறவளும் பெயாத்தா, இது திட்டு. மூணாவது பழைய அர்த்தம்: மடத்துல சேராம, வீட்லயோ நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்தோ, உடுப்பு போட்டு ஜெபம் தவம்னு வாழற பெண். அந்தக் கூட்டு வீடு பெயாத்தேரியோ. 1566ல ஐந்தாம் பயஸ் எல்லாரும் மதிலுக்குள்ள போங்கனு சட்டம் போட்ட பிறகும் இவங்க ஓயல, முக்கியமா அமெரிக்கக் கண்டத்துலயும் ஃபிலிப்பைன்ஸ்லயும்.

லீமா புனித ரோசா, அமெரிக்கக் கண்டத்தோட முதல் புனிதை, 1671ல பட்டம், அவங்களைப் படத்துல டொமினிக் சபை உடுப்புல பார்த்துட்டு எல்லாரும் மோன்ஹானு எழுதறாங்க. இல்ல, மூன்றாம் சபை, தெர்சியாரியா, அதாவது மடத்துல சேராம வெளில இருந்தே அந்தச் சபை வழில வாழறவங்க. அப்பா அம்மா வீட்டுத் தோட்டத்துல ஒரு குடிசைல தவம் பண்ணினவங்க. சோர் ரோசானு எழுதாம சாந்தா ரோசானே எழுதுங்க.

தோர்னோன்னா என்ன? பலகாரம் வாங்கணும்னா என்ன சொல்லணும்?

அடைபட்ட மடத்து வாசல் சுவத்துல இருக்கிற சுத்தற மரப்பெட்டி. உள்ள இருக்கிறவங்க முகம் வெளில தெரியாம சாமான் கைமாறணும், அதுக்கு. அதைப் பார்த்துக்கற சிஸ்டர் தொர்னேரா. ஸ்பெயின்ல நிறைய மடங்கள் இதுல பலகாரம் விக்கறாங்க. செவில்யால சான் லெயான்த்ரோ மடம் முட்டை மஞ்சக்கரு யேமாவுக்குப் பேர் போனது, மாத்ரித்ல ப்ளாசா மயோர் சதுக்கத்துக்குப் பக்கத்துச் சந்துல லாஸ் கர்போனேராஸ்னு ஒரு ஜெரோம் சபை மடம், அங்க காலிங் பெல்லுக்குப் பக்கத்துலயே மோன்ஹாஸ்னு எழுதியிருக்கும்.

பெல் அடிங்க. உள்ளேர்ந்து "அவே மரியா பூரிசிமா"னு ஒரு குரல் வரும், சில மடத்துல நீங்கதான் முதல்ல சொல்லணும். பதில் "சின் பெகாதோ கொன்செபீதா", பாவமில்லாம உற்பவித்தவளே. இது வணக்கம் மாதிரி, கூச்சப்படாம சொல்லிடுங்க. அப்புறம் "மேதியோ கீலோ தே பாஸ்தாஸ், போர் ஃபவோர், எர்மானா", அரை கிலோ பிஸ்கட். பெட்டி சுத்தி வரும், காசை வைங்க, திரும்பச் சுத்தும், கட்டின டப்பாவும் சில்லறையும் வரும். "கிராசியாஸ், எர்மானா". முகமே பார்க்கல, ஆனா டப்பா மேல நூல் முடிச்சு அவ்வளவு நறுவிசா இருக்கும். மஞ்சக்கரு இனிப்பு ஏன் இவ்வளவுன்னா, ஒயின் தெளிய வைக்க வெள்ளைக்கருவை எடுத்துட்டு மிச்ச மஞ்சக்கருவை மடத்துக்குக் குடுத்துடுவாங்கனு ஒரு பேச்சு உண்டு.

தோர்னோவுக்கு ஒரு சோகமான அர்த்தமும் இருக்கு. அந்தக் காலத்துல அனாதை இல்லத்து வாசல்லயும் இதே பெட்டி இருந்துச்சு, பெத்தவங்க குழந்தைய வச்சுச் சுத்தி விட்டுட்டுப் போயிடுவாங்க. அப்படி வந்த பிள்ளைகளுக்கு எக்ஸ்போசிதோனு குடும்பப் பேர் வச்சாங்க, இன்னைக்கும் அந்தப் பேர்ல ஆளுங்க இருக்காங்க.

அதே மாதிரி லொகுதோரியோ. மடத்துல அது கம்பி வலைக்குப் பின்னாடி உக்காந்து சொந்தக்காரங்களோட பேசற அறை, முன்ன எல்லாம் எஸ்கூச்சானு இன்னொரு சிஸ்டர் கூடவே உக்காந்து காது குடுப்பாங்க. இன்னைய ஸ்பெயின்ல லொகுதோரியோன்னா வெளிநாட்டுக்காரங்க ஊருக்கு ஃபோன் பண்ணப் போற கடை.

சபைப் பேருல தப்பு வராம இருக்க என்ன பார்க்கணும்?

தொமினீகான்னா டொமினிக் சபை சிஸ்டர். தொமினிகானான்னா வழக்கத்துல டொமினிக்கன் குடியரசு நாட்டுப் பொண்ணு. இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி மானம் தப்பிக்கும். சலேசான்னா பிரான்சிஸ் சலேசியார் ஆரம்பிச்ச அடைபட்ட மடத்துக்காரங்க, சலேசியானான்னா தோன் போஸ்கோ சபை. க்ளாரா சபைக்காரங்க க்ளாரிசாஸ், சிஸ்டர்சியன் மோன்ஹாஸை பெர்னார்தாஸ்னும் சொல்லுவாங்க.

த்ரினிதாரியாஸ் மடம் ஒண்ணு மாத்ரித்ல இருக்கு, செர்வாந்தெஸைப் புதைச்ச இடம். தெருவுக்கு லோப்பே தே வேகா பேரு, அவரோட மகள் சோர் மர்செலா தே சான் ஃபேலிக்ஸ் இதே மடத்துல இருந்த கவிஞர்.

போர்டுல எச்-என்-ஏ மூணு எழுத்தும் புள்ளியும் இருந்தா எர்மானா, ரெண்டு எச் இருந்தா எர்மானாஸ், ரெண்டு எம் இருந்தா மாத்ரேஸ். எழுத்தை இரட்டிச்சா பன்மை, ஸ்பானிஷ் பழக்கம் அது.

நம்ம ஊர்த் தொடர்பு வேணும்னா ஃப்ரான்சிஸ்கானாஸ் மிசியோனேராஸ் தே மரியா, ஸ்பெயின்லயும் லத்தீன் அமெரிக்காலயும் இருக்கிற சபை. அது பொறந்தது 1877ல ஊட்டில, ஆரம்பிச்சவங்க ஒரு பிரெஞ்சு அம்மா.

ஆம்பளைங்களுக்கு மோன்ஹே தானே? நேரா மாத்திடலாமா?

முடியாது. மோன்ஹேன்னா பெனடிக்ட், சிஸ்டர்சியன் மாதிரி மடத்துத் துறவி. ஃப்ரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மேல் ஆம்பளைங்க ஃப்ராய்லே. பொண்ணுங்கன்னா ரெண்டு பக்கமும் மோன்ஹாதான். ஃப்ராய்லேவுக்குப் பெண்பால் தேடினா ஃப்ரெய்லானு வரும், அது சந்தியாகோ மாதிரி வீரர் சபைகளோட பெண்களுக்கும் சில இடத்துல வேலைக்காரச் சகோதரிகளுக்கும். போர்ச்சுகீஸ்ல மட்டும் ஃப்ரெய்ராதான் சாதாரணச் சொல்.

கேலி, பழமொழி, தின்பண்டம், வேற எங்க வருது?

ஒரு டிரெஸ்ஸை மோன்ஹீல்னா கழுத்து வரைக்கும் மூடினது, ரசனையில்லாததுனு குத்தல். சுஸ்பீரோஸ் தே மோன்ஹா, கன்னியாஸ்திரியின் பெருமூச்சு, பொரிச்ச இனிப்பு. கத்தலோனியால பெத்ஸ் தே மோன்ஹானு குட்டி பிஸ்கட், அர்த்தம் பெருமூச்சு இல்ல, அதுக்கும் கீழேர்ந்து வர்ற காத்து. இத்தாலியன்ல "மார்பு"னு இருந்ததைத் தப்பாக் கேட்டதுல வந்த பேருனு ஒரு கதை, எது உண்மையானாலும் மடத்துக்கு மரியாதை கிடைக்கல.

குவாத்தமாலா தேசியப் பூ மோன்ஹா ப்ளாங்கா, வெள்ளை ஆர்க்கிட். சிச்சென் இட்சால லாஸ் மோன்ஹாஸ்னு ஒரு மாயன் கட்டடம், சின்னச் சின்ன அறையாப் பார்த்துட்டு ஸ்பானியர்கள் வச்ச பேரு, அங்க கன்னியாஸ்திரி யாரும் இருந்ததில்ல. மெக்ஸிகோ மியூசியத்துல மோன்ஹாஸ் கொரொனாதாஸ்னு பார்த்தா அது ராணி இல்ல, வார்த்தைப்பாடு அன்னைக்குத் தலை நிறையப் பூக்கிரீடம் வச்சு வரைஞ்ச ஓவியம், தெபொத்சோத்லான் மியூசியத்துல நல்ல தொகுப்பு இருக்கு. மடத்துக்குள்ள போறதுக்கு முன்னாடி வீட்ல வச்சுக்க ஒரு படம் வேணுமே.

செய்தில எக்ஸ்மோன்ஹாஸ்னு வருதே, அது யாரு?

புர்கோஸ் மாகாணத்துல பெலொராதோனு ஒரு ஊர், அங்க க்ளாரிசாஸ் மடம், சாக்லேட் செஞ்சு விக்கறதுல பேர் வாங்கினவங்க. 2024 மே மாசம் நாங்க இந்தத் திருச்சபைய விட்டு விலகறோம்னு அறிவிச்சாங்க, ஜூன்ல பேராயர் 10 பேரைச் சபை நீக்கம் பண்ணார். அதுலேர்ந்து பேப்பர்ல எக்ஸ்மோன்ஹாஸ். பேராயர் தரப்புக்கு இவங்க இனி மோன்ஹா இல்ல, அவங்க பக்கம் பேசறவங்க எக்ஸ் போட மாட்டாங்க. மொழிபெயர்க்கறப்ப யார் வாயிலேர்ந்து வருதுனு பார்த்துப் போடுங்க, நீங்களா ஒரு எக்ஸைச் சேர்க்கவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்.

சிஸ்டருக்கு மெயில் அனுப்பணும். ஆரம்பம் எப்படி?

"எஸ்திமாதா எர்மானா"னு போட்டு பேர், அப்புறம் உஸ்தேத். மடத்துத் தலைவின்னா "ரெவெரெந்தா மாத்ரே". அவங்க பதில்ல கீழ எப்படிக் கையெழுத்துப் போடறாங்கனு பாருங்க, சோர்னு இருந்தா அடுத்த மெயில்லேர்ந்து நீங்களும் சோர்.